விளக்கு ஏற்றாத வெள்ளிக்கிழமை

கேள்வி: அக்கா, நான் பருத்தித்துறையிலிருந்து கலியாணம் முடித்து சுவிஸுக்கு வந்து மூன்று வருடம். ஊரில் வெள்ளிக்கிழமை என்றால் தலைமுழுகி, விளக்கேற்றி, கோயிலுக்குப் போய் வந்த பிறகுதான் சாப்பாடு. இங்கே வேலை, டொச் (ஜெர்மன் மொழி) வகுப்பு என்று ஒரு வெள்ளி தவறியது, பிறகு இன்னொன்று. இப்போது விளக்கு ஏற்றுவதே இல்லை. ஒரு குறையும் தெரியவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. ஒவ்வொரு வெள்ளியும் அம்மா வாட்ஸ்அப்பில் எடுத்து, “விளக்கு ஏத்திட்டியா பிள்ளை?” என்று கேட்பா. “ஓம் அம்மா” என்று பொய் சொல்கிறேன். நான் நாத்திகம் ஆகிவிட்டேனா? அம்மாவிடம் சொல்லலாமா?
- பேர்ணிலிருந்து ஒரு வாசகி

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். எனக்கும் இப்படி ஒரு வெள்ளிக்கிழமை இருக்கிறது.

1985இல் அகதியாக இங்கே வந்தேன். முகாமில் எனக்கு அது முதல் வெள்ளி. மத்தியானம் மக்ரோனியும் அரைத்த இறைச்சியும் வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் வேறு வேறு நாட்டுக்காரர். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. பசி. சாப்பிட்டேன். அன்றிரவு முழுக்க ஏதாவது நடக்கும் என்று விழித்துக் கிடந்தேன். விடிந்தது, ஒன்றும் நடக்கவில்லை. ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் இவ்வளவு நாளும் நான் கடவுளுக்கா விரதம் பிடித்தேன், பக்கத்து வீட்டுக்காரருக்கா என்று ஒரு கேள்வி வந்து ஒட்டிக்கொண்டது. அதற்குப் பதில் கண்டுபிடிக்க எனக்குப் பல வருடம் எடுத்தது. அதனால் மூன்று வருடத்தில் நீங்கள் உங்களுக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்ள வேண்டாம். நாத்திகம் என்பது யோசித்து எடுக்கிற முடிவு. நீங்கள் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

சட்டத்தையும் தெரிந்து வையுங்கள். சுவிஸ் அரசியலமைப்பின் 15ஆவது பிரிவின்படி, ஒரு மதத்தில் சேரவோ, சடங்கில் பங்குபற்றவோ, போதனையைப் பின்பற்றவோ ஒருவரையும் கட்டாயப்படுத்த முடியாது. நகரசபையில் பதிந்தபோது விண்ணப்பத்தில் மதம் கேட்ட கட்டம் எனக்கு இன்றும் ஞாபகம். ‘இந்து’ என்று எழுதிவிட்டு, அடிக்கப் போகிறார்களோ என்று பயந்தபடி அங்கே பதிந்துகொண்டிருந்த பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். 1983 கலவரத்துக்குப் பிறகு வந்த நமக்கு, நாம் யார் என்று ஒரு கடதாசியில் எழுதுவதே பயம். அவ சிரித்துவிட்டு, இது தேவாலய வரிக்காகத்தான், உங்களுக்கு அந்த வரி இல்லை என்று சொல்லி முத்திரை குத்தினா. அவ்வளவுதான். வெளியே வந்து படியில் இருந்து அழுதேன்.

அப்புறம் ஐன்சீடெல்ன் என்ற ஊருக்குப் போன கதை. வேலை செய்த இடத்துத் தோழி ஒருத்தி கூட்டிப்போனாள். பெரிய கத்தோலிக்கத் துறவி மடம், அதற்குள் கறுத்த மாதா சிலை. நூற்றாண்டுக் கணக்கில் எரிந்த மெழுகுதிரியின் புகையால் கறுத்தது என்பார்கள். எனக்கு அது எங்கள் ஊர் அம்பாளின் முகம். அந்த மாதாவுக்குத் தனியாக உடுப்புகள் உண்டு, பூவேலை செய்த பட்டு. திருநாளுக்கும் காலத்துக்கும் ஏற்றபடி மாற்றுவார்கள். சாத்துப்படி செய்வது மாதிரியே! சைவக்காரி நான், மெழுகுதிரி கொளுத்திக் கும்பிட்டேன். மடு மாதாவிடம் போன சைவச் சனம் ஊரிலும் இருந்தது. ஆனால் அங்கே அம்மாவோடு போனேன், இங்கே மாதாவுக்கு முன்னால் என் கால் தானாகவே என்னைக் கொண்டுபோனது.

நீங்கள் பேர்ணில்தானே இருக்கிறீர்கள்? ஐரோப்பாபிளாட்ஸில் 2014 டிசம்பரில் திறந்த ‘மதங்களின் இல்லம்’ உங்களுக்குப் பக்கம். பள்ளிவாசல், தேவாலயம், பௌத்தர், துருக்கிப் பக்கத்து அலெவி மதப்பிரிவினர், நம் சிவன் கோயில் எல்லாம் ஒரே கூரையின் கீழே. அந்தக் கோயிலில் பெண்கள் குருக்களாக நின்று தமிழில் பூசை செய்கிறார்கள். தீட்டு என்று சொல்லி என்னைக் கோயில் வீதியாலேயே போக விடாத ஊரில் வளர்ந்தவள் நான். ஒரு பெண் கையில் தீபம் சுற்றுவதைப் பார்த்த அன்று தொண்டை அடைத்துவிட்டது. பக்தியா, சந்தோசமா என்று கேட்டால் பிரித்துச் சொல்லத் தெரியாது. கும்பிடத்தான் போக வேண்டும் என்றில்லை. ஒருநாள் பார்த்துவிட்டு வாருங்கள்.

அம்மாவின் விடயத்துக்கு வருகிறேன். விளக்கு ஏற்றாததைவிட அந்த “ஓம் அம்மா”தான் உங்களை அரிக்கிறது என்று நினைக்கிறேன். நானும் கடிதத்தில் பொய்தான் எழுதிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒருநாள், “அம்மா, நான் இப்போது விரதம் பிடிப்பதில்லை” என்று எழுதிப் போட்டேன். போர்க்காலம். பதில் வர வாரக்கணக்காகியது. “நீ கும்பிடாட்டிப் பரவாயில்லை, உனக்கும் சேர்த்து நான் கும்பிடுறன்” என்று இருந்தது. உள்ளே மடித்த கடதாசியில் நல்லூர்த் திருநீறு. அதை நான் பூசவும் இல்லை, எறியவும் இல்லை. அம்மா போய்விட்டா. பொட்டலம் இன்னும் என் மேசை லாச்சியில் இருக்கிறது.

எல்லா அம்மாவும் அப்படிப் பதில் சொல்வார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அழலாம், கோபிக்கலாம், மாமியாரிடம் சொல்லலாம். அதனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். இந்த வெள்ளி கேட்டால், “இண்டைக்கு ஏத்தேல்லை அம்மா” என்று மட்டும் சொல்லுங்கள். என்ன சொன்னா என்று எனக்கு எழுதுங்கள்.