செசிலியா என்றால் 'பார்வையற்றவள்' என்று பொருள் வருகிறதாமே, என் பாட்டியின் பெயரை மகளுக்கு வைக்கலாமா?

வையுங்கள். தாராளமாக வையுங்கள்.

நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் உங்கள் வீட்டில் யாரோ கைப்பேசியை நீட்டி "இதுல என்ன போட்டிருக்கு பாருங்க" என்று காட்டியிருக்கிறார்கள் என்பது கேள்வியைப் படித்தாலே தெரிகிறது. நீங்களாகப் பாட்டி பெயருக்குப் பொருள் தேடிப் போயிருக்க மாட்டீர்கள். எனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.

முதலில் நேரான பதில். அந்தப் பொருள் பொய்யில்லை. லத்தீனில் 'கைகுஸ்' என்றால் பார்வையற்றவர். அதிலிருந்து வந்த கைகிலியுஸ் என்பது பழைய ரோமில் ஒரு குடும்பப் பெயர். அந்தக் காலத்து ரோமில் குடும்பப் பெயரின் பெண்பாலையே பெண்ணுக்கு வைத்துவிடுவார்கள். யூலியுஸ் வீட்டில் பிறந்தால் யூலியா, கைகிலியுஸ் வீட்டில் பிறந்தால் கைகிலியா. 'இந்த வீட்டுப் பெண்' என்பதற்கு மேல் அதைக் கேட்டவர்கள் காதில் எதுவும் விழுந்திருக்காது. பிறகு அந்தப் பெயரில் ஒரு மறைசாட்சி, அதாவது கிறிஸ்தவ நம்பிக்கைக்காக உயிர் கொடுத்தவர், வந்தார். இசைக் கலைஞர்களின் பாதுகாவலராக இன்றும் நவம்பர் 22 அன்று அவருக்குத் திருநாள். உங்கள் பாட்டிக்குப் பெயர் வைத்தவர்கள் மனதில் இருந்தது அவர்தான், லத்தீன் இலக்கணம் அல்ல.

'கிளாவ்டியுஸ் என்றால் கால் ஊனமானவர் என்று பொருள், அந்தப் பெயருள்ள ரோமப் பேரரசர் காலை இழுத்துத்தான் நடந்தார், பெயர் பலிக்கும்' என்று யாராவது கீழே வந்து எழுதக்கூடும். அதே குடும்பத்தில் அவருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பு அப்பியுஸ் கிளாவ்டியுஸ் என்று ஒருவர் இருந்தார். முதுமையில் பார்வை போனதால் 'கைகுஸ்' என்ற பட்டமும் அவருக்குச் சேர்ந்தது. பிறந்ததிலிருந்து பெயரில் ஊனமான கால், பின்னால் பார்வையற்ற கண். கி.மு. 312-ல் ரோமிலிருந்து தெற்கே அப்பியா சாலையைப் போட வைத்தவர் அவர். இரண்டாயிரம் ஆண்டு கடந்தும் அந்தச் சாலையின் சில பகுதிகளில் இன்றும் நடக்கலாம்.

இனி என் கதை. என் அம்மாவின் பெயர் வியாகுலமேரி. செப்டம்பர் 15, வியாகுல மாதா திருநாளன்று பிறந்ததால் அந்தப் பெயர். வீட்டில் எல்லோருக்கும் யாகுலம். பதினோரு வருடத்துக்கு முன் எனக்கு மகள் பிறந்தபோது அம்மா பெயரைத்தான் வைப்பதென்று நான் முடிவு செய்திருந்தேன். என் நாத்தனார் ஒரு பெயர்ப் பட்டியல் தளத்தைத் திறந்து சத்தமாக வாசித்தாள்: "வியாகுலம் - துக்கம், மனவருத்தம், கலக்கம். அண்ணி, பொறந்த பிள்ளையை யாராவது துக்கம்னு கூப்பிடுவாங்களா?"

அவளைக் குறை சொல்லவில்லை. நல்லெண்ணத்தில்தான் சொன்னாள், இப்போதும் எனக்கு ரொம்ப நெருக்கமானவள். ஆனால் அம்மா அந்த அறையிலேயே உட்கார்ந்து பிள்ளையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். அறுபது வருடம் அந்தப் பெயரோடு வாழ்ந்தவர்கள். தலையை நிமிர்த்தாமலே "விடும்மா. என் பேரு என்னோட இருக்கட்டும்" என்றார்கள். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். பிரசவம் முடிந்த அலுப்பு, வாக்குவாதம் வேண்டாம் என்ற எண்ணம். பேசாமல் இருந்துவிட்டேன்.

அதே தளத்திலிருந்து கியாரா என்று வைத்தோம். 'ஒளி' என்று போட்டிருந்தது. இத்தாலியப் பெயராக எடுத்தால் அது சரி. லத்தீன் கிளாராவின் இத்தாலிய வடிவம் அது, தெளிவு, ஒளி என்று பொருள். ஆனால் ஆங்கிலத்தில் ஏறக்குறைய இதே எழுத்துகளில் எழுதுகிற ஐரிஷ் பெயர் ஒன்று உண்டு. அங்கே 'கீரா' என்பார்கள். 'கியர்' என்றால் அந்த மொழியில் கருமை. ஒரு தளத்தில் என் மகள் ஒளி, இன்னொரு தளத்தில் கருமை. இரண்டும் எனக்குச் சம்மதமே. துக்கம் என்று பயந்து ஓடியவர்கள் எதை நம்பி ஓடினோம் என்பதுதான் உறுத்துகிறது.

இந்தத் தளங்கள் பல ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதுபவை. பொருள் கிடைக்காத பெயருக்கெல்லாம் 'கடவுளின் பரிசு' என்று போட்டுவிடுகிறார்கள். உண்மையிலேயே அந்தப் பொருளுள்ள பெயர்கள் உலகமெங்கும் இருக்கின்றன: எபிரேயத்திலிருந்து மத்தேயு, கிரேக்கத்தில் தியடோர், அதையே முன்பின்னாகத் திருப்பினால் டோரதி, ஸ்லாவிய மொழிகளில் போக்தான், அரபியில் அதாவுல்லா, சமஸ்கிருதத்தில் தேவதத்தன். எங்கெங்கோ இருந்த மனிதர்கள் பிள்ளையைக் கையில் வாங்கியதும் ஒரே சொல்லைச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் பார்க்கிறவர்கள் கண்ட பெயரோடெல்லாம் அந்தப் பொருளை ஒட்ட மாட்டார்கள்.

அந்த நாளுக்குப் பிறகு நான் பெயர்களைத் தேடித் தேடிப் படித்தேன். நம் முன்னோர் பொருள் தெரியாமல் வைத்தார்கள் என்ற நினைப்பு முதலில் உடைந்தது. யோவான் என்றால் எபிரேயத்தில் 'கடவுள் அருள் கூர்ந்தார்'. தமிழில் அருளப்பர் ஆக்கினார்கள். லத்தீனில் பவுல் என்றால் சிறியவர். கொஞ்சமும் தயங்காமல் சின்னப்பர் என்றார்கள். 1745-ல் திருமுழுக்குப் பெற்ற நீலகண்ட பிள்ளைக்கு வைத்த பெயர் லாசர். அதன் மூலமான எலெயாசர் 'கடவுள் உதவினார்' என்று பொருள்படும். அதுதான் தேவசகாயம், 2022-ல் புனிதராக அறிவிக்கப்பட்டவர். இவ்வளவு நுணுக்கமாகப் பொருள் பார்த்தவர்கள்தான் வியாகுலம் என்ற பெயரையும் வைத்தார்கள். துக்கம் என்று தெரிந்தே வைத்தார்கள். ஸ்பானிய மொழியில் டொலோரஸ் என்பதும் இதே பெயர்தான். துயரங்களின் மரியா. அதைச் செல்லமாகச் சுருக்கி லோலா என்பார்கள். லோலா என்று கேட்டால் யாருக்காவது துக்கம் நினைவு வருமா?

மலாலா என்ற பெயருக்கும் பஷ்தோவில் துயருற்றவள் என்றுதான் பொருள். 1880-ல் மைவந்த் போர்க்களத்தில் நின்ற மலாலாய் நினைவாக வைத்தது. அந்தப் பெயரோடு வளர்ந்த பாகிஸ்தான் பெண் மலாலா யூசுப்சாய் 2014-ல் 17 வயதில் நோபல் அமைதிப் பரிசு வாங்கினார். பெயர் நல்லது செய்யும் என்று நான் சொல்லவரவில்லை. கெடுதல் செய்யாது என்று மட்டும் சொல்கிறேன்.

பைபிள் படித்தவர்கள் ஒன்று கேட்பார்கள். யாக்கோபின் மனைவி ராகேல் உயிர் பிரியும்போது மகனுக்குப் பெனோனி, 'என் துக்கத்தின் மகன்' என்று பெயரிட்டார், யாக்கோபுதானே அதை மாற்றிப் பென்யமீன் என்று வைத்தார்? உண்மைதான். பிறந்த அன்றே, தாயை இழந்த பிள்ளைக்கு மாற்றினார். அவர் அழித்தது ஒரு நாள் பெயர். நாங்கள் ஒதுக்கியது ஒரு மனுஷியின் ஆயுள் முழுக்க நிலைத்த பெயர். இரண்டும் ஒன்றா?

பெயர் என்று பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். எந்த இணையப் படிவத்தைத் திறந்தாலும் 'குடும்பப் பெயர்' கட்டாயம் என்கிறது. எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான். எழுத்து ஒன்றை மட்டும் போட்டால் ஏற்காது. அப்பா பெயரை முழுதாகப் போட்டால் அன்றிலிருந்து எனக்கு வரும் மின்னஞ்சலெல்லாம் 'அன்புள்ள சவரிமுத்து' என்று தொடங்குகிறது. அப்பா இறந்து ஏழு வருடமாகிறது. காலையில் அஞ்சல் பெட்டியைத் திறந்ததும் அவர் பெயரைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று அந்தப் படிவத்தை வடிவமைத்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். ஐஸ்லாந்தில் பெரும்பாலானோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. தந்தை பெயரோடு மகன், மகள் என்று சேர்ப்பார்கள், தொலைபேசிப் பட்டியலைக்கூட முதல் பெயர் வரிசையில்தான் அச்சிட்டார்கள். ஒரு நாடே அப்படி இருக்கும்போது ஒரு படிவத்தால் முடியாதா?

சவரி என்பது சவேரியார். பிரான்சிஸ் சவேரியார் 1506-ல் பிறந்த கோட்டையின் பெயர் அது, பாஸ்க் மொழியில் 'புது வீடு'. அப்பாவுக்கு இது தெரியாமலே போய்விட்டது. சொல்லியிருந்தால் ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பார்.

அம்மாவும் இப்போது இல்லை. போன செப்டம்பர் 15 அன்று அம்மா படத்துக்கு முன்னால் நின்று மகளிடம் இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். டொலோரஸ், லோலா, மலாலா எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ பாட்டி பேரை எனக்கு ஏம்மா வைக்கல?" என்றாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

எண் கணிதம், நட்சத்திரம் பார்த்து வைப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை, அது அவரவர் நம்பிக்கை. உங்கள் வீட்டிலும் யாராவது மனம் கோணுவார்கள் என்றால் அவர்களுக்குப் பிடித்ததை இரண்டாவது பெயராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பதிவுக்குக் கொடுக்கும் தாளில் செசிலியா முதலில் இருக்கட்டும். பாட்டி இன்னும் இருக்கிறார்கள் என்றால், அவர்களுக்குத் தெரியாமல் இந்தப் பேச்சை முடித்துவிட்டு, பிள்ளையை அவர்கள் மடியில் வைத்து அவர்களையே முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள்.