ஸ்பிரிங் பெட்டிக்குள் ஒரு கடல்

கேள்வி: ‘தி லைவ்லி ஒன்ஸ்’ குழுவின் ‘சர்ஃப் ரைடர்’ இசைத்தட்டை அண்மையில் கேட்டேன். குரலே இல்லாத இசையில், கிட்டார் மட்டும் தண்ணீருக்குள்ளிருந்து ஒலிப்பதுபோல் இருப்பது எப்படி? தலைப்பு மெட்டே வேறொருவருடையது என்கிறார்களே, அது குறையாகாதா?

பதில்: அந்த ஈரம் ஒரு பெட்டியிலிருந்து வருகிறது. கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே இணைப்பதற்கென்று, கிட்டார் தயாரிக்கும் ஃபெண்டர் நிறுவனம் 1961இல் தனி ரிவெர்ப் (எதிரொலிபோல் முழங்கச் செய்யும்) கருவி ஒன்றை வெளியிட்டது. ஹாம்மண்ட் மின் ஆர்கன்களில் ஏற்கெனவே பயன்பட்டுவந்த ஸ்பிரிங் அமைப்பு அதனுள் இருந்தது. கிட்டாரின் மின் அலை ஒரு முனையில் அதிர்வாக மாறி, ஸ்பிரிங் வழியே ஓடி, மறுமுனையில் மீண்டும் மின் அலையாவதற்குள் கண நேரம் தாமதமாகிறது; முனைகளில் மோதித் திரும்பும் அதிர்வுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்வதால், ஒரே சுரம் பல நிழல்களோடு ஒலிக்கிறது. உள்ளங்கையின் விளிம்பால் தந்திகளை அமுக்கியபடி விரைவாக மீட்டினால், ஒவ்வொரு மீட்டலும் ஸ்பிரிங்கைத் தனியே உலுக்குகிறது. நீர் சொட்டுவது போன்ற ஓசை அங்கேதான் பிறக்கிறது.

அந்த விரைவான மீட்டலுக்கு வழிகாட்டியவர், ‘சர்ஃப்’ (அலைச்சறுக்கு) இசை எனப்படும் இவ்வகையின் முன்னோடிக் கிட்டார் கலைஞர் டிக் டேல். லெபனான் வழிவந்த தந்தையின் மகனான அவர், சிறுவயதில் கேட்ட அரபு இசையின் வேகத்தை மின்கிட்டாருக்குக் கொண்டுவந்தார். அலைச்சறுக்கு வீரராகவும் இருந்ததால், அலையின் மேல் தாம் உணர்ந்த விசையையே தந்தியில் தேடினார். அவருடைய வாசிப்பைத் தாங்கக்கூடிய வலிமையான ஆம்ப்ளிஃபயர்களை, ஃபெண்டர் நிறுவனத்தைத் தொடங்கிய லியோ ஃபெண்டர் உருவாக்கியதும் இந்தத் தேடலின் விளைவே.

மெட்டைப் பற்றிய உங்கள் ஐயத்துக்கு வருகிறேன். 1963இல் டெல்‑ஃபை நிறுவனம் வெளியிட்ட இத்தட்டின் தலைப்பு மெட்டு, ‘வென்ச்சர்ஸ்’ என்ற கிட்டார் இசைக்குழுவைச் சேர்ந்த நோகி எட்வர்ட்ஸ் இயற்றியது. அக்குழு அதை வேறு பெயரில் முன்பே பதிவு செய்திருந்தது. நான் இதைக் குறையாகக் கருதவில்லை. தெற்குக் கலிபோர்னியாவின் நடன அரங்குகளில் இளைஞர்கள் ஆடுவதற்காக வாசித்த குழுக்கள் மெட்டுகளைப் பொதுச்சொத்தைப் போலவே பகிர்ந்துகொண்டன. ஒரு குழுவை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்தியது அதன் ஒலிதான். இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால், அதே மெட்டு இங்கே எவ்வளவு அகன்று ஒலிக்கிறது என்பது உங்களுக்கே விளங்கும்.

கேள்வி: இத்தகைய இசை ஏன் விரைவில் மறைந்தது?

பதில்: 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் குழுவினர் அமெரிக்காவுக்கு வந்ததும், இளைஞர்களின் காது குரலிசைக் குழுக்களின் பக்கம் திரும்பிவிட்டது. ஆயினும் நீங்கள் கேட்ட அந்தத் தலைப்பு மெட்டு, 1994இல் வெளியான ‘பல்ப் ஃபிக்ஷன்’ திரைப்படத்தின் இறுதியில் ஒலித்து, அது பதிவானபோது பிறந்தே இராத பலரிடமும் சென்று சேர்ந்தது.