வாசலில் எடுக்கும் கணக்கு: ஆரோக்கிய சர்வே பற்றிக் கேள்வி பதில்

வீடு வீடாகப் போய் உடல்நலம், சாப்பாடு, பழக்கவழக்கம் பற்றிக் கேட்டு எழுதும் வேலையைத் திருநெல்வேலி, தென்காசி பக்கம் பல வருடம் செய்திருக்கிறேன். முதலில் கேள்வி கேட்பவளாகவும், பிறகு குழு மேற்பார்வையாளராகவும் இருந்தேன். அதைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பாளையங்கோட்டை, கல்லூரி மாணவர்: அக்கா, எங்கள் தெருவுக்கு இதுவரை யாரும் வந்து கேட்டதில்லை. அப்புறம் எப்படி 'தமிழ்நாட்டுப் பெண்களில் இத்தனை சதவீதம்' என்று சொல்கிறார்கள்? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிற கணக்கா?

பானை முழுக்க ஒரே அரிசி என்றால் ஒரு சோறு போதும் தம்பி. நம் ஊர் அப்படி இல்லையே. மேலத் தெருவில் இருப்பவர் சாப்பாடு வேறு, காலனியில் இருப்பவர் சாப்பாடு வேறு. எந்த வீட்டுக்குப் போவது என்பதை என் விருப்பத்துக்கு விட்டால், பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், திண்ணை வைத்த, நாய் இல்லாத வீடுகளாகத்தான் பார்த்துப் போவேன். வெயிலில் நடக்கிற யாரும் அதைத்தான் செய்வார்கள். அதனால்தான் வீட்டைத் தேர்ந்தெடுக்கிற உரிமை எங்களிடம் கிடையாது.

தேசிய குடும்ப நல ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். 1992-93இல் முதல் முறை நடந்தது. ஐந்தாவது முறை 2019-21இல், நாடு முழுக்க 6,36,699 வீடுகளில் நடந்தது. தமிழ்நாட்டில் மட்டும் 27,929 வீடுகள். முதலில் ஊர்களும் நகர வார்டுப் பகுதிகளும் குலுக்கல் முறையில் தேர்வாகும். பெரிய ஊருக்கு விழுகிற வாய்ப்பு அதிகம். அப்புறம் அந்த ஊரைச் சுற்றி நடந்து, கடைசிக் குடிசை வரை எல்லா வீட்டையும் பட்டியல் எடுப்பார்கள். பட்டியலிலிருந்து சீரான இடைவெளியில் 22 வீடுகள். ஊரில் 220 வீடு இருந்தால் பத்துக்கு ஒன்று. உங்கள் தெரு விட்டுப்போனதில் ஒன்றும் தப்பில்லை. உங்கள் தெருவும் வந்திருக்கக்கூடும் என்கிற வாய்ப்பு இருந்ததா என்பதுதான் கேள்வி.

களக்காடு, கடைக்காரர்: வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டுப் போகவேண்டியதுதானே? மூன்று தடவை அலைவதைப் பார்த்தேன்.

பகலில் பூட்டியிருக்கிற வீடு யாருடையது அண்ணாச்சி? புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் வாழைத்தோட்டத்துக்கோ கட்டட வேலைக்கோ போன வீடு. திறந்திருக்கிற வீட்டில் யார் இருப்பார்? வயசானவர், உடம்பு சரியில்லாதவர், கைக்குழந்தைக்காரி. பூட்டிய வீட்டுக்குப் பதில் திறந்த வீட்டை மாற்றி எழுதிக்கொண்டே போனால், உழைக்கிற ஜனமே கணக்கிலிருந்து காணாமல் போய்விடும். அதனால் சாயங்காலம் போவோம், ஞாயிற்றுக்கிழமை போவோம். அப்போதும் ஆள் இல்லையென்றால் 'இல்லை' என்றே பதிவு செய்வோம், வேறு வீட்டை வைத்து நிரப்பமாட்டோம்.

முக்கூடல், பீடி சுற்றும் பெண்: எங்கள் மாமியாரிடம் புகையிலை உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லிவிட்டார். ஆனால் நாள் பூராவும் வெற்றிலை போடுகிறவர். பொய் சொன்னாரா?

பொய்யே இல்லை மதினி. இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

ஆலங்குளம் பக்கம் ஒரு ஆச்சியிடம் எழுதியிருந்தபடியே படித்தேன்: "நீங்கள் தற்போது புகையிலை பயன்படுத்துகிறீர்களா?" ஆச்சிக்குக் கோபமே வந்துவிட்டது. "அந்தப் பழக்கமெல்லாம் நமக்கு இல்ல தாயி." சரி என்று 'இல்லை'யை அழுத்திவிட்டேன். பத்து நிமிடம் கழித்து இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தார். வெற்றிலையைத் துடைத்து, காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து, கடைசியில் கறுப்பாக ஒரு துணுக்கு. "அது என்ன ஆச்சி?" "போயலதான். சும்மா கொஞ்சூண்டு." அவரைப் பொறுத்தவரை புகையிலை என்றால் ஆம்பளை ஊதுகிற பீடி. வாயில் அடக்குவது வெற்றிலை போடுவது. திரும்பப் போய் பதிலைத் திருத்தினேன். ஆனால் அதற்கு முன் எத்தனை ஆச்சிகளுக்கு 'இல்லை' போட்டிருப்பேன் என்று நினைத்தால் இன்றைக்கும் வேதனையாக இருக்கிறது.

இது சின்ன விஷயம் இல்லை. 2016-17இல் நடந்த இரண்டாவது உலக வயது வந்தோர் புகையிலை ஆய்வில், இந்தியாவில் 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 28.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துகிறார்கள் என்று வந்தது. புகைப்பவர் 10.7 சதவீதம். மெல்வது, அடக்குவது, பொடி போடுவது என்று புகையில்லாமல் பயன்படுத்துவோர் 21.4 சதவீதம். இரண்டும் செய்பவர் இரண்டிலும் வருவார். அதாவது இரண்டு மடங்கு. 'புகை' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் பெரிய பாதி நழுவிவிடும்.

ஆளாளுக்குக் கேள்வியை மாற்றியும் கேட்கக்கூடாது. ஓர் ஊரில் ஒரு மாதிரியும் இன்னோர் ஊரில் வேறு மாதிரியும் கேட்டால் இரண்டையும் ஒப்பிட முடியாது. பயிற்சியின்போதே உட்கார்ந்து, இந்தப் பக்கத்தில் என்னென்ன பெயரில் இருக்கிறது என்று பட்டியல் போட்டு, எல்லாரும் அதே பட்டியலைக் கேட்க வேண்டும்: வெற்றிலையோடு புகையிலை வைப்பீர்களா, மூக்குப்பொடி போடுவீர்களா, பல்லில் புகையிலைத் தூள் தேய்ப்பீர்களா. ஒவ்வொன்றாக.

இன்னொன்றையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். நாள் முழுக்கத் தட்டை மடியில் வைத்துச் சுற்றுகிற நீங்கள் சுவாசிக்கிற தூள் இந்தக் கேள்வியில் எங்கேயும் வராது. அது பழக்கம் இல்லை, வேலை. அதற்கென்று தனியாகக் கேட்டால்தான் தெரியும். முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் அப்படித் தனியாகக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

தச்சநல்லூர், ஆட்டோ ஓட்டுநர்: குடியைப் பற்றி எவன் உண்மை சொல்வான்? அந்தக் கணக்கை நம்பலாமா?

குறைத்துத்தான் சொல்வார்கள். அதுவும் வீட்டுக்காரம்மா பக்கத்தில் நின்றால் யாரும் குடிக்கவே மாட்டார்கள். தனியாக உட்காரவைத்துக் கேட்பது பாதி வேலை. மீதிப் பாதி, அளவு. 'ரெண்டு குடிச்சேன்' என்பது எதில் ரெண்டு? ஆய்வுகளில் பொதுவாக 10 கிராம் சாராயச் சத்தை ஓர் அளவு என்று வைப்பார்கள். ஒரு குவாட்டர் 180 மில்லி, அதில் 42.8 சதவீதம் சாராயம் என்றால் 60 கிராமுக்குச் சற்று மேலே வரும். ஆறு அளவு. 'ஒண்ணே ஒண்ணுதான்' என்று ஒருவர் மனசாரச் சொல்வது எங்கள் கணக்கில் ஆறு. அதனால் பாட்டில், கிளாஸ் படங்களைக் காட்டிக் கேட்க வேண்டும். அப்புறம், எல்லாச் சுற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு குறைத்துச் சொல்கிறார்கள் என்றால், கூடுகிறதா குறைகிறதா என்கிற போக்காவது தெரியும்.

அம்பாசமுத்திரம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: எனக்கு மூன்று முறை பிரஷர் பார்த்தார்கள். கருவி சரியில்லையோ?

கருவி சரிதான் ஐயா. வாசலில் புது ஆள் வந்து கையில் பட்டையைச் சுற்றினாலே பிரஷர் கொஞ்சம் ஏறும். ஒரு நாள் தெருக்குழாயிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் தூக்கிவந்த அம்மா, குடத்தை இறக்கிய கையோடு கையை நீட்டினார். உட்கார வைத்து ஐந்து நிமிடம் பேச்சே கொடுக்காமல் இருந்தேன். ஆனாலும் முதல் தடவை 152 காட்டியது, மூன்றாவது தடவை 136. எல்லைக்கோடு 140. முதலாவதோடு நிறுத்தியிருந்தால் அவரை நோயாளி என்று எழுதியிருப்பேன். நடுவில் இடைவெளி விட்டு, கடைசி இரண்டின் சராசரியை எடுப்பது இதற்காகத்தான். முந்தைய அரை மணி நேரத்தில் காப்பி, பீடி ஏதாவது உண்டா என்று கேட்பதும் அதற்குத்தான்.

வள்ளியூர், சுய உதவிக் குழுத் தலைவி: 'உடற்பயிற்சி செய்வீர்களா' என்று கேட்டால் எங்கள் பெண்கள் சிரிக்கிறார்கள்.

சிரிக்கத்தான் செய்வார்கள். நூறு நாள் வேலையில் மண் சுமப்பவளிடம் கேட்கிற கேள்வியா அது? நல்ல கேள்வித்தாள் உடலுழைப்பை மூன்றாகப் பிரித்துக் கேட்கும்: வேலையில், போக்குவரத்தில், ஓய்வு நேரத்தில். கடைக்கு நடந்ததும் சைக்கிள் மிதித்ததும் கணக்குத்தான். எத்தனை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கிறீர்கள் என்பதும் கேட்கப்படும். தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் 2015-16இல் 30.9 சதவீதம், 2019-21இல் 40.4 சதவீதம். இந்த ஏற்றத்தைப் பார்த்தபிறகு உட்காருகிற நேரத்தைக் கேட்காமல் விட முடியாது.

தென்காசி, வாசகர்: எங்கள் மாவட்டத்தின் எண்களைத் தேடினேன். கிடைக்கவில்லையே?

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது முறைக்கு 2017 மார்ச் நிலவரப்படி இருந்த மாவட்டங்களை எடுத்துக்கொண்டார்கள். தென்காசி பிரிந்தது 2019 நவம்பரில். பழைய திருநெல்வேலிக்குள் நீங்களும் இருக்கிறீர்கள்.

உவரி, மீனவர்: கருவாடு சாப்பிடுகிறவர்கள் உப்பை எப்படி அளப்பது?

கேட்டு அளக்க முடியாது. குழம்பில் எவ்வளவு உப்பு போட்டோம் என்று சமைத்தவருக்கே தெரியாது, கைதான் அளவு. சாப்பிட்ட உப்பில் பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறிவிடும் என்பதால் சிறுநீரைச் சோதித்துக் கணக்கிடுவார்கள். 2017-18இல் நடந்த தேசிய தொற்றாநோய்க் கண்காணிப்பு ஆய்வில் அப்படித்தான் செய்தார்கள். ஒருவருக்கு நாளைக்குச் சுமார் 8 கிராம் வந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குக் கீழே.

மேலப்பாளையம், இல்லத்தரசி: இதெல்லாம் சொன்னால் ரேஷன் கார்டுக்கு ஆபத்து வருமா? ரத்தம் எடுக்க விரல் கொடுக்கலாமா?

ரேஷனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை தங்கச்சி. ஆரம்பிப்பதற்கு முன் உங்கள் சம்மதத்தைக் கேட்க வேண்டும். முழுவதும் மறுக்கலாம், பிடிக்காத கேள்வியை மட்டும் விடலாம், நடுவில் நிறுத்தலாம். பெயர் வெளியே போகாது. ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், ஓடிபி கேட்டால் அவர் சர்வேக்காரர் இல்லை, அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். விரலில் குத்துவதற்குத் தனிச் சம்மதம் வேண்டும். ஊசியை உங்கள் கண் முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். சுகர், ரத்தச்சோகை, பிரஷர் மூன்றுக்கும் முடிவை அங்கேயே எழுதித் தருவார்கள். அதிகமாக இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகவும் சொல்வார்கள். அந்தச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் போன வீடுகளில், தனக்குச் சுகர் இருப்பதை அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் முதன்முதலில் தெரிந்துகொண்டவர்கள் உண்டு.