ஊர்ச்சாலையிலிருந்து ஹைவேயில் ஏறும்போது இடைவெளியை எப்படிக் கணிப்பது?

வாளையார் பக்கம் ஊர்ச்சாலையிலிருந்து கோவை - பாலக்காடு ஹைவேயில் காரை ஏற்ற எப்போது இடைவெளி போதும் என்று தெரியவில்லை, பின்னால் ஹாரன் வேறு அடிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஹாரனைக் காதில் வாங்கவே வேண்டாம்.

தூரத்தை விட்டுவிட்டு நேரத்தை எண்ணுங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நொடிக்கு 22 மீட்டர் கடக்கும், அதாவது நூறு மீட்டர் தள்ளித்தானே வருகிறது என்று நம்பி நீங்கள் கிளட்சை விட்டால், அந்த வண்டி ஐந்து நொடிக்குள் உங்கள் மேல் வந்து நிற்கும். கொஞ்ச நேரம் ஓரமாக நின்று, ஒரு மின்கம்பத்தைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து உங்களிடம் வர எத்தனை நொடி என்று நாலைந்து வண்டிகளுக்கு எண்ணிப் பாருங்கள். அப்புறம், நின்ற காரைக் கிளப்பி மூன்றாவது கியருக்குக் கொண்டுவர உங்களுக்கு ஆகும் நேரத்தையும் காலியான சாலையில் பாருங்கள். அதைவிட இரண்டு மூன்று நொடியாவது கூடுதலாகக் கிடைத்தால்தான் ஏறலாம், மழைக்காலத்தில் இன்னும் கூட வேண்டும்.

பெரும்பாலானோர் ஏமாறுவது பைக்கில்தான். சின்னதாகத் தெரிவதால் தூரத்தில் மெதுவாக வருவதுபோல் இருக்கும், போதாததற்கு முன்கண்ணாடி ஓரத்துத் தூண் அதை முழுசாக மறைத்துவிடும், தலையை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். லாரி இடது இண்டிகேட்டர் போட்டிருந்தாலும் அது நிஜமாகத் திரும்பும்வரை நம்பாதீர்கள், அதன் மறைவில் ஒரு பஸ் ஓவர்டேக் செய்து வரலாம்.

வலதுபக்கம் போவதென்றால் சாலை நடுவிலுள்ள தடுப்பின் (மீடியன்) இடைவெளியில் கார் முழுசாக அடங்குமா என்று பாருங்கள். அடங்காதென்றால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் காலியாகும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.