பெரிய எழுத்தாளர்களில் ‘கீக்’ ரசிகர்கள் ஏன் இத்தனை பேர்?

காமிக்ஸ், அறிவியல் புனைகதை, வீடியோ கேம் என ஏதோ ஒன்றில் தலைகால் தெரியாமல் மூழ்கிக் கிடப்பவரைத்தான் ‘கீக்’ என்கிறோம். இரண்டாம் பாகம் ஏழாம் பாகத்தோடு ஏன் இடிக்கிறது என்று சண்டை போடும் ரசனை அது!

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் பள்ளிப் பையனாக எழுதிய வாசகர் கடிதம் 1963-இல் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ காமிக்ஸின் 20-ஆம் இதழில் அச்சானது. அறிவியல் புனைகதை எழுத்தாளர் ரே பிராட்பரி 1939-இல், பதின்வயதிலேயே, சொந்தமாக ரசிகர் இதழ் நடத்தினார். நகைச்சுவையான மாயக்கதைகள் எழுதிய டெர்ரி பிராட்செட்டும் வீடியோ கேம் பிரியராக இருந்தவர்தான்.

காரணம் எளிது. குடைந்து குடைந்து படிப்பவர் கண்ணில் கதையின் மூட்டுகள் படும். மணி பார்ப்பவருக்கு முள் போதும். கடிகாரத்தைக் கழற்றுபவருக்குத்தான் பல்சக்கரம் தெரியும்.

இந்தக் ‘கீக்’ ஆர்வம் புகழ் வந்தபின் விளம்பரத்துக்குப் போட்ட வேஷம் என்பார்கள் சிலர். ஆனால் மார்ட்டினின் கடிதமும் பிராட்பரியின் இதழும் அவரவர் முதல் நாவலுக்குப் பல ஆண்டுகள் முந்தியவை.