பாகம் பிரிந்த பிறகும் தீராத சண்டை: சமரசரிடம் சில கேள்விகள்

குடும்ப வழக்குகளில் சமரசம் பேசுவது என் வேலை. வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில்.

நிலத்தைச் சரிபாதியாகப் பிரித்துவிட்டோம். அப்புறமும் அண்ணன் முகம் கொடுப்பதில்லை. ஏன்?

என்னிடம் வந்த இரண்டு சகோதரர்கள் கிணற்று மோட்டார் முறைக்காக வழக்காடினார்கள். ஆளுக்கு மூன்று நாள், ஏழாவது நாள் யாருக்கு? கிணற்றில் தண்ணீருக்குக் குறையே இல்லை. இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அண்ணன் வாய் திறந்தார். அப்பா படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் பார்த்துக்கொண்டவர் அவர். கருமாதிப் பத்திரிகையில் முதலில் இருந்ததோ தம்பி பெயர். தம்பிக்கு அது தெரியவே தெரியாது. அச்சடிக்கக் கொடுத்தவர் மாமா. ஏழாவது நாளை அண்ணனே எடுத்துக்கொள்ளட்டும் என்றார் தம்பி. அண்ணன் வேண்டாம் என்றுவிட்டார்.

உங்கள் அண்ணனிடம் நிலப் பேச்சை விட்டுவிட்டு, மனதில் உள்ள மற்றதையெல்லாம் கேளுங்கள், நேரில். வாட்ஸ்அப் குடும்பக் குரூப்பில் கேட்டால், வேடிக்கை பார்க்கும் சித்தப்பாக்களுக்காகத்தான் அவர் பதில் எழுதுவார்.

கல்யாணமாகி 11 வருடம். செலவு பற்றி அதே சண்டை.

தம்பதிகளின் சண்டைகளில் 69 சதவீதம் கடைசிவரை தீராத விஷயங்கள் பற்றியவை என்கிறது அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மனின் ஆய்வு. ஏளனம்தான் உறவை முறிக்கும் என்பதும் அவர் கண்டது. கோபம் தலைக்கேறினால் இருபது நிமிடமாவது எழுந்து போங்கள். எப்போது திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

மாமியார் என்னிடம் பேசுவதில்லை.

முதல் பதில்.

மருமகள் என்னிடம் பேசுவதில்லை.

முதல் பதிலேதான் அம்மா.

கணவர் அடிக்கிறார். சமரசம் பேசலாமா?

கூடாது. பெண்கள் உதவி எண் 181க்கு அழையுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச வழக்கறிஞர் உண்டு.

60 பவுன் போட்டுக் கட்டிக்கொடுத்த தங்கை இப்போது பூர்வீகச் சொத்தில் பங்கு கேட்கிறாள். நியாயமா?

நகை போட்டதாலேயே பங்கு போய்விடாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம் மகளுக்கும் பிறப்பிலேயே உரிமை தந்தது. அந்தத் திருத்தம் வந்த அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

சட்டம் கேட்கவில்லை ஐயா, நியாயம் கேட்டேன்.

நகை போட்டது அப்பா. கணக்குப் பார்ப்பது நீங்கள். அந்த 60 பவுன் இன்று அவளிடம் இருக்கிறதா?

புருஷன் கடைக்கு அடகு போய்விட்டது. அதற்கு நான் என்ன செய்வது?

இப்போது ஏன் கேட்கிறாள் என்பது தெரிந்துவிட்டதே. அவளிடம் பேசினீர்களா?

குரூப்பில் போட்டேன்.

சரி.