எந்தக் காட்சியில் முகத்தைத் திருப்பினாய்?

ஆங்கில இலக்கியம் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாடி அறையில் சனிக்கிழமை பின்னேரங்களில் ஏஎல் (உயர்தர வகுப்பு) பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டி, பிறகு அவர்களைக் கதைக்க விடுகிறேன். இனம், நீதி, நடிப்புத் தொழில் ஆகியவற்றைத் தொடும் சில அமெரிக்கப் படங்களைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் சில இவை.

என் மகளும் உங்கள் படங்களுக்கு வருகிறாள். பரீட்சைக்கு இன்னும் சில மாதம்தான். அமெரிக்காவில் கறுப்பர் பட்ட பாடு எங்கள் பிள்ளைகளுக்கு எதற்கு?
– ஒரு தாய், கொட்டாஞ்சேனை

அம்மா, தொடக்கத்தில் பிள்ளைகளுக்கும் இது தூரத்துச் சங்கதிதான். படம் முடிந்ததும் "என்ன விளங்கினது?" என்று கேட்பேன். "இனவாதம் கூடாது, மிஸ்" என்பார்கள். வினாத்தாளுக்கு எழுதுகிற விடை அது. மூன்று கிழமை இப்படியே போனதும் கேள்வியை மாற்றினேன். "எந்தக் காட்சியில் முகத்தைத் திருப்பினாய்?"

அன்றைக்குப் போட்டது சிட்னி லூமெட் 1957இல் எடுத்த 'ட்வெல்வ் ஆங்ரி மென்'. தகப்பனைக் கொன்றதாகப் பதினெட்டு வயதுப் பொடியன் ஒருவன்மேல் வழக்கு. பன்னிரண்டு ஜூரிமார், அதாவது தீர்ப்புச் சொல்லத் தெரிவு செய்யப்பட்ட சாதாரண சனங்கள், ஓர் அறைக்குள் இருந்து முடிவெடுக்க வேண்டும். முதல் வாக்கெடுப்பில் 11 பேர் குற்றவாளி என்கிறார்கள், ஒருவர் மட்டும் இல்லை என்கிறார். அந்தப் பொடியன் எந்த இனம் என்று படம் கடைசிவரை சொல்வதில்லை. ஒரு கட்டத்தில் ஒரு ஜூரர், 'அந்த மாதிரி ஆக்கள்' பிறவிப் பொய்யர், குடிகாரர் என்று கத்தத் தொடங்குகிறார். மற்றவர்கள் ஒவ்வொருவராக மேசையை விட்டு எழும்பி, அவருக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள்.

ஒரு பிள்ளை சொன்னாள்: "அவர் கத்தேக்க நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தன். மற்றவை எழும்பேக்கதான் பார்க்க ஏலாமல் போச்சு." ஏன் என்று கேட்டேன். காலி வீதி பஸ்ஸில் அவள் அம்மாவோடு போனில் தமிழில் கதைத்துக்கொண்டு வந்தபோது, பின் சீட்டில் ஒருவர் சத்தம்போட்டு ஏசியிருக்கிறார். பஸ் முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்தது. அவளும் போனை வைத்துவிட்டு ஜன்னலையே பார்த்தாளாம். "படத்தில எழும்புறதுக்கு ஆக்கள் இருந்தினம், மிஸ்."

உங்கள் மகள் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தாள். படம் முடிந்து வீட்டுக்குப் போகும்வரை அவள் கையை விடவில்லை. பரீட்சைக்கு முந்திய இரண்டு மாதமும் நாங்கள் படம் போடுவதில்லை, அந்தக் கவலை வேண்டாம்.

அமெரிக்க ஜூரியைப் பற்றிக் கதைக்கிறீர்கள். எங்கள் நாட்டு ஜூரியைப் பற்றியும் கதைத்தீர்களா?
– சட்ட மாணவன், தெஹிவளை

கதைத்தோம், தம்பி. ஒரு மாணவன்தான் தொடக்கிவைத்தான். இங்கே ஜூரிமார் ஏழு பேர், 5க்கு 2 என்றாலும் தீர்ப்பு செல்லும், எந்த மொழி ஜூரி வேண்டும் என்று குற்றம் சாட்டப்பட்டவர் கேட்கலாம் என்பதெல்லாம் உங்களுக்குப் பாடம். எங்கள் பிள்ளைகளுக்கு இது புதுச் செய்தி. தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் 2006 நவம்பர் 10ஆம் திகதி கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கைச் சொன்னேன். அது சிங்களம் பேசும் ஜூரி முன் நடந்து, 2016 டிசம்பர் 24 அதிகாலை, குற்றம் சாட்டப்பட்ட ஐந்து பேரும் விடுவிக்கப்பட்டார்கள்.

அந்த மாணவன் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான்: "ஏழு பேரில ஒராளுக்காவது தமிழ் தெரிஞ்சிருந்தால், அந்த அறைக்குள்ள முதல் கேள்வி என்னவா இருந்திருக்கும்?" என்னிடம் பதில் இல்லை. அவனுடைய கேள்வியை அப்படியே பலகையில் எழுதினேன். அது இன்னும் அழிபடவில்லை.

அடுத்த சனி 'ஜஸ்ட் மெர்சி' பார்த்தோம். 2019இல் வந்த படம், உண்மைக் கதை. அலபாமாவில் வால்டர் மக்மிலியன் என்ற கறுப்பினத்தவரை, வழக்கு நடக்க முந்தியே மரண தண்டனைக் கைதிகளோடு அடைத்துவிட்டார்கள். ஜூரி ஆயுள் தண்டனை போதும் என்றது. நீதிபதி அதை மாற்றி மரண தண்டனை விதித்தார். 1993இல் வால்டர் குற்றமற்றவராக வெளியே வந்தார். நிரபராதியான கறுப்பினத்தவருக்காக வாதாடும் வழக்கறிஞரைப் பற்றி உலகப் புகழ்பெற்ற நாவல் எழுதிய ஹார்ப்பர் லீ பிறந்த மன்ரோவில் என்ற ஊர்தான் வால்டருடைய பகுதியும். "புத்தகத்தைக் கொண்டாடுற ஊர், மனுசனைக் கைவிட்டிட்டுது" என்று ஒரு பொடியன் கோபப்பட்டான். வழக்குக்கு முந்தியே சிறை என்ற இடத்தில் முகத்தைத் திருப்பிய பிள்ளை வாய் திறக்கவில்லை. தாளில் ஒரு வரி எழுதித் தந்தாள்: "மாமாவின் சட்டைகளை அம்மம்மா இன்னும் ஸ்திரி போட்டு அடுக்கி வைக்கிறா." வழக்கு நடக்க முந்தியே ஆளை நீண்டகாலம் அடைத்துவைக்க இடம்கொடுத்த பயங்கரவாதத் தடைச் சட்டம் எங்கள் பிள்ளைகளின் வீட்டு அலுமாரிக்குள் இருக்கிறது, தம்பி. நீங்கள் படித்து முடித்து வரும்போது இதை மறக்கக்கூடாது.

ஸ்பைக் லீயின் 'பாம்பூஸில்ட்' பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டக்கூடிய படமா? கேவலமான கேலி நிறைந்தது என்று கேள்விப்பட்டேன்.
– ஆசிரியர், பம்பலப்பிட்டி

கேலி நிறைந்ததுதான். நானும் இரண்டு நாள் யோசித்தேன், பிறகு பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் போட்டேன். கறுப்பரைக் கோமாளிகளாக்கி அமெரிக்க மேடைகள் பல காலம் காசு பார்த்தன. 2000இல் வந்த இந்தப் படத்தில், டிவி நிறுவனத்தில் வேலை செய்யும் ஒரு கறுப்பின எழுத்தாளர், அதே கோமாளிக் கூத்தை வேண்டுமென்றே திரும்ப எழுதிக் கொடுக்கிறார். தன்னை வேலையை விட்டு நிறுத்துவார்கள் என்பது அவருடைய கணக்கு. நிகழ்ச்சியோ வெற்றி பெற்றுவிடுகிறது. கறுப்பு நடிகர்களே கார்க்கை எரித்து, பொடியாக்கி, குழைத்து, கண்ணாடி முன்னால் முகத்தில் பூசுகிறார்கள். அதைக் கமரா அவசரப்படாமல் காட்டுகிறது.

அந்த இடத்தில் ஒரு மாணவி எழும்பி வெளியே போனாள். அப்பா புறக்கோட்டையில் கடையொன்றில் வேலை, அம்மாச்சி மலையகத்தில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். படிக்கட்டில் இருந்து சொன்னாள்.

முந்திய வருடம் பாடசாலை நாடகத்தில் தோட்டத்துப் பெண் பாத்திரம் இருந்திருக்கிறது. அதற்கு வெள்ளையான வேறொரு பிள்ளையைத் தெரிவு செய்தார்கள். இவளிடம் கேட்டது, "உங்கட ஆக்கள் கதைக்கிற மாதிரி அவளுக்குச் சொல்லிக்கொடு" என்று. இவளும் மூன்று கிழமை சொல்லிக்கொடுத்திருக்கிறாள். நாடகத்தன்று அந்தப் பிள்ளையின் முகத்தில் கறுப்பு மையைக் குழைத்துப் பூசினார்கள். அவள் வாயைத் திறந்து "ஏங்க" என்றதும் மண்டபம் சிரித்தது. சோகக் காட்சியிலும் சிரித்தார்கள்.

"முடிஞ்சதும் தேங்காண்ணெ தொட்ட பஞ்சால அவ மொகத்த நாந்தான் தொடச்சேன், மிஸ். பஞ்சு என் நெறத்துல வந்துச்சு."

அந்த நாடகத்துக்கு முதலிடம் கொடுத்த மூன்று நடுவர்களில் நானும் ஒருத்தி. 'தத்ரூபமான நடிப்பு' என்று புள்ளித் தாளில் என் கையாலேயே எழுதினேன். அதை அந்தப் படிக்கட்டிலேயே அவளிடம் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே வந்து மீதிப் படத்தைப் பார்த்தாள். சிங்களத் தொலைக்காட்சியில் தமிழரின் உச்சரிப்பைக் கேலி செய்கிறார்கள் என்று நாங்கள் கொதிக்கிறோம். கொதிக்க வேண்டியதுதான். ஆனால் எங்கள் மேடையில் மலையகத் தமிழுக்கு நாங்கள் செய்ததும் அதேதான். ஆசிரியர் ஐயா, நீங்களும் நாடகம் பழக்குகிறவர் என்றால், யாருக்கு எந்தப் பாத்திரம் என்று தெரிவு செய்கிறபோது அந்தப் பஞ்சை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

1940இலேயே கறுப்பின நடிகைக்கு ஒஸ்கார் கொடுத்தார்களே?
– வாசகி, மட்டக்குளி

கொடுத்தார்கள். ஹட்டி மெக்டானியல், 'கோன் வித் த விண்ட்' படத்தில் வேலைக்காரியாக நடித்ததற்காக. விருது விழா நடந்த ஹோட்டலில் அவருக்குச் சக நடிகர்களோடு இருக்க இடமில்லை. ஓரமாக ஒரு தனி மேசையிலிருந்து எழும்பி வந்துதான் வாங்கினார். அட்லாண்டாவில் அந்தப் படத்தின் முதற்காட்சிக்கும் அவரால் போக முடியவில்லை. இதைச் சொன்னபோது பிள்ளைகள் கேட்டது விருதைப் பற்றியல்ல. "அந்த மேசையில அவவோட ஆர் இருந்தது?" என்றுதான் கேட்டார்கள்.

இலங்கைச் சினிமாவிலேயே இந்தக் கதை இருக்கிறதே, பிள்ளைகளுக்குத் தெரியுமா? 1983 ஜூலையில் ஹெந்தளை ஸ்டூடியோப் பக்கம் எழும்பிய புகையை என் வீட்டு மாடியிலிருந்து பார்த்தவன் நான்.
– முதிய வாசகர், வத்தளை

தெரியாது, ஐயா. ஒருவருக்கும் தெரியாது. முதல் சிங்களப் பேசும் படத்தைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர், 1947 ஜனவரியில் கொழும்பு கிங்ஸ்லி தியேட்டரில் திரையிடப்பட்டது என்றதும், "சும்மா சொல்லாதீங்க மிஸ்" என்றார்கள். கே. குணரத்தினம் தயாரித்த சிங்களப் படங்களைப் பற்றியும், ஹெந்தளையில் இருந்த அவருடைய விஜயா ஸ்டூடியோ 1983இல் தமிழருக்கு எதிரான கலவரத்தில் எரிக்கப்பட்டபோது படச்சுருள்கள் சாம்பலானதைப் பற்றியும் சொன்னேன். தமிழரின் சொத்து என்று வைத்த நெருப்பில் சிங்கள நடிகர்களின் முகங்களும் சேர்ந்து எரிந்தன. அதை விளங்கிக்கொள்ளப் பிள்ளைகளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். புகை எந்த நிறம், எத்தனை நாள் நின்றது, பக்கத்து வீட்டுச் சிங்களவர் என்ன சொன்னார் என்று கேட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை வர முடியுமா, ஐயா? மாடிக்குப் பதினெட்டுப் படி, லிஃப்ட் இல்லை. பொடியன்கள் இரண்டு பேர் கீழே வந்து கைபிடித்து ஏற்றுகிறோம் என்கிறார்கள்.